பேனரில் மிஞ்சிய கை

எங்கள் தொழிற்சாலையில் பெண்கள் குண்டு எறிதல் சாம்பியன் நான்தான். வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து தங்கம் எனக்கே. கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். எத்தனை பேரோடு மோதி ஜெயித்தாய் என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் எனக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

பள்ளியில் படிக்கும்போது நிஜமாகவே நன்றாகப் போடுவேன். ஆவடி வெயிலில் கிடந்து பழகிய தோள் இது. மாவட்டம், மாநிலம் என்று போய் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. உள்ளே வந்து பார்த்தால் குண்டைத் தொட ஒருத்தி இல்லை. இசை நாற்காலி என்றால் அடித்துக்கொண்டு பெயர் கொடுப்பார்கள். குண்டு என்றால் கை பிடித்துக்கொள்ளும், இடுப்பு போய்விடும் என்று நழுவிவிடுவார்கள். ஆனால் மூன்று பேராவது பெயர் கொடுத்தால்தான் போட்டி நடக்கும். இங்கே ஜெயித்தால்தான் வெளியூரில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே போய் ஒரு முறைகூட நான் பதக்கம் வாங்கியதில்லை. அது தனி மானக்கேடு.

ஆக, என்னிடம் தோற்பதற்கு வருடா வருடம் ஆள் பிடிப்பதும் என் வேலைதான். வெட்கங்கெட்ட வேலை. போன முறை கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி, கலந்துகொள்பவர்களுக்குக் கொடுக்கும் டி-ஷர்ட்டுக்காகச் சம்மதித்தாள். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. பெயர் கொடுக்கக் கடைசி நாள் வந்துவிட்டது. கேன்டீனில் டீ ஊற்றும் அக்காவிடம் போய் நின்றேன்.

"நான் இன்னாத்தக் கண்டேன்மா? எவ்ளோ தூரம் போடணும்?" என்றார்.

"கால் மேல போட்டுக்காம இருந்தா போதும்க்கா" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

போட்டியன்று அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் போனார். குண்டு அவருக்குப் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அப்புறம் நான் போட்டேன், கைதட்டினார்கள். பதக்க மேடையில் ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போடச் சொன்னார் போட்டோக்காரர். கீழ்ப் படியில் நின்ற அக்கா கூச்சத்தோடு எட்டி என் தோளில் கை வைத்தார். அன்று சாயங்காலம் கழுத்தில் வெண்கலப் பதக்கத்தோடேயே எல்லோருக்கும் டீ ஊற்றினார்.

அந்தப் படத்தைத்தான் அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். அப்பா மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து எங்கள் கோவில்பதாகை தெருமுனையில் பேனர் வைத்துவிட்டார்கள். 'தங்க மங்கையே வருக' என்ற எழுத்துக்குக் கீழே ஆளுயரத்துக்கு என் முகம். கூட நின்ற இரண்டு பேரையும் வெட்டியாகிவிட்டது. அக்காவின் கையை மட்டும் எடுத்தால் என் தோளும் போய்விடும் என்று அச்சடித்தவன் அப்படியே விட்டிருந்தான். அடியில் வட்டம் வட்டமாக அப்பாவின் கூட்டாளிகள், கறுப்புக் கண்ணாடியோடு. அவர்களுக்கெல்லாம் இடமிருந்தது.

"யாரோ கை இருக்கேப்பா" என்றேன். யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் அப்பா. நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த முனை வந்தாலே என் நடை மெதுவாகிவிடும். அவ்வளவு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். பதக்க மேடைப் படத்தைப் பேனராக வைத்திருக்கிறார்கள் என்று கேன்டீனில் யாரோ சொல்லி, அயனம்பாக்கத்திலிருந்து கணவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாராம். எந்த முகத்தோடு போய் நிற்பது? போகாமலும் இருக்க முடியாது.

நான் போனபோது மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீ எங்க கீற?" என்று கணவர் கேட்டார். அக்கா கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் நடுவிலும் தன்னைத் தேடினார். மகள்தான் கண்டுபிடித்தாள். என் தோளில் கிடந்த கையின் பச்சை வளையலில் ஓர் ஊக்கு தொங்கியது. "அம்மா, உன் ஊக்கு" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா செய்த வேலை, அச்சடித்தவன் செய்த வேலை என்று யார்மேலாவது பழி போட வாயெடுத்தேன். அக்கா என்னைத் திட்டவே இல்லை. கணவரிடம், "பாத்தியா, என் கைதான்" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"அந்தக் கையோட எங்கள ஒரு போட்டோ எடும்மா. கை நல்லாத் தெரியட்டும். உன் மூஞ்சியத்தான் ஊரே பாக்குதே."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மூவரும் பேனருக்குக் கீழே நின்றார்கள். வளையலும் ஊக்கும் தெரியும்படி அக்கா தன் கையை உயர்த்தினார். இரண்டு கைகளும் ஒரே படத்தில் வர, என் முகத்தை வெளியே தள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் படத்தில் ஊக்கு சரியாகத் தெரியவில்லை. மறுபடி எடுத்தேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டார். "அடுத்த வருசமும் என்னையே கூப்புடு, இன்னா? வேற யாரையும் இட்டுகினு வந்துடாத."

தலையாட்டினேன். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அதற்கும் முன்னால் மனதில் வந்தது வேறு. அப்பாடா, அடுத்த வருடத்துக்கு மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டது.