லேகியத்துக்காக ஆஸ்பத்திரி போன மச்சான்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். படிப்பு கையெழுத்து வைக்கிற அளவுதான். ஆனால் மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில் ஒரு சித்த வைத்தியரிடம் நான் கிண்டிய லேகியம் ஒருநாளும் அடிப்பிடித்ததில்லை.

குடல் புண், ஓயாத கழிச்சல் என்று வருகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் லேகியத்தில் கஞ்சா இலை சேரும். அரசாங்க அனுமதியோடு வரும் இலை. அதை நெய்யில் வதக்கிப் பாகில் சேர்க்கும்வரை வைத்தியர் அடுப்படியை விட்டு அசையமாட்டார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், முகாமில் இருந்த என் மச்சான் சின்னத்தம்பி வந்தார். வாவியில் வலை வீசுகிறவர். கழிச்சல், வயிற்றுநோவு என்று மட்டும் சொல்லி லேகியம் வாங்கினார். கொஞ்ச நாளில் நோவு அடங்கியது, சோறு இறங்கியது, நித்திரையும் வந்தது.

"மச்சாள், இத முந்தியே தந்திருந்தா அந்தக் கடலையே திருப்பி அனுப்பியிருப்பன்" என்றார்.

அவர் பெண்சாதி என்னைத் தனியே கூப்பிட்டாள். "இரத்தமும் போகுதுகா. கேட்டா மூலச்சூடாம். ஆள் தேய்ஞ்சு போறார்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கீழே இரத்தம் கண்டால் மூலச்சூடு என்று பெயர் வைத்து, இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுவோம். நான் வைத்தியரிடம் சொன்னேன். அவர் ஆளனுப்பி மச்சானைக் கூப்பிட்டார்.

"இரத்தம் போறத்த ஏன் மறைச்ச?"

"மூலச்சூடுதானே ஐயா."

"பேர் வச்சது நீயா, நானா?"

"இப்ப நோவு இல்லையே."

"நோவத்தான் நான் அமத்தினன். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியா. பெரியாஸ்பத்திரியில காட்டிற்று வா. மறுகாதான் லேகியம்."

மச்சான் என்னை முறைத்தார். "கோள் சொல்லி வாய்க்கு வந்தத தட்டிப்போட்டாய்."

"போயிற்று வாங்க, சட்டியோட தாறன்" என்றேன்.

லேகியத்துக்காகத்தான் போனார். பெருங்குடலில் கட்டி. புற்று என்றார்கள். பரவுவதற்குள் வெட்டி எடுத்தார்கள். நாட்டுச் சண்டை ஓய்ந்த பிறகு, மற்றவர்களோடு அவரும் வாவியில் தோணி இறக்கினார்.

ஒருமுறை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். மச்சான் டொக்டரிடமே கேட்டார்: "அந்த இலை கட்டியக் கரைக்காதா சேர்?"

"குடல் அழற்சிக்கும் புற்றுக்கும் அதில இருந்து மருந்து எடுக்கலாமா எண்டு ஆராய்ச்சி நடக்குது. நோவு, குமட்டல் சிலருக்குக் குறையுது. கட்டி கரையும் எண்டு மனுசரில இன்னும் நிரூபிக்கல்ல. உங்களக் காப்பாத்தினது கத்தி."

நோவு அடங்குவது வேறு, நோய் போவது வேறு. அந்த வேலையில் நான் கற்றது இது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதி முடித்துவிட்டாள். "வாசி மகள், கேப்பம். லேகியம் நல்லமெண்டதும் இருக்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகணுமெண்டதும் இருக்கோ? ஒண்டு விடுபட்டாலும் சனம் தனக்குப் புடிச்சதத்தான் எடுக்கும்."