கோரைப்பாய் விரித்த மோட்டார்

தொட்டியத்து வாழைமண்டியின் பின்புறக் கொட்டகையில், கூரையில்லாத ஒரு மோட்டார் வண்டியினுள் பச்சை வாழைத்தார்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த காட்சியே என் நினைவில் முதலில் எழுகிறது. காவிரி வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அது. என் தமக்கையின் கணவரை நான் அத்திம்பேர் என்றழைப்பேன். ரயில்வே அலுவலகக் குமாஸ்தாவான அவர், அதன் முன்விளக்கைத் துடைத்துவிட்டு, அதில் தெரிந்த தம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மண்டிக்காரர் நேர்மையானவர். “எடுத்துக்கிட்டுப் போங்க சாமி. ஆனா ஒண்ணு, எஞ்சின் வயிறு நிறையக் காவேரித் தண்ணியைக் குடிச்சிருக்கு. ஓடலேன்னு என்கிட்ட வரக்கூடாது” என்றார்.

விலைக்காக அக்காவின் ஒட்டியாணம் விற்கப்பட்டது. “செப்பனிட்டு வித்துட்டா, இதைவிடக் கனமா ஒண்ணு பண்ணிப் போடறேன்” என்று அத்திம்பேர் வாக்களித்தார். அது அவளுடைய பிறந்தகத்துச் சீதனம். எங்கள் தாயார் அணிந்திருந்தது.

மாடுகள் பூட்டி இழுக்கப்பட்ட அந்த மோட்டார், கொள்ளிடப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தபோது வீதியே சிரித்தது. அதன்பின் அத்திம்பேருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்தும் அதற்கே உரியவையாயின. எஞ்சினைப் பிரித்து, வண்டலைச் சுரண்டி, துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். திருச்சிப் பட்டறைகளில் கிடைக்காத உதிரிகளைப் பித்தளையில் வார்க்கச் செய்தார். விறைத்துப்போயிருந்த தோல் இருக்கைகளை மாதக்கணக்கில் விளக்கெண்ணெய் தடவி மிருதுவாக்கினார். அவர் பட்ட பாட்டுக்கு நானே சாட்சி. அந்த எண்ணெய் வாசம் அவர் பிசைந்த தயிர்ச் சாதத்திலும் வந்தது.

எஞ்சின் உயிர்பெற்ற நாளில், குணசீலம் சென்று பெருமாளைச் சேவித்து வரலாமென்று அக்காவை அழைத்தார். அவள் மடிப்புடைவையுடன் வந்தாள், கதவைத் திறந்தாள், நின்றுவிட்டாள்.

“ஏன்னா, இது என்ன, மாட்டுத்தோலா?”

“உசந்த தோல்டீ. தொட்டுப் பாரேன், பட்டு மாதிரி இருக்கு!”

“பசுவைக் கும்பிடற கையால அதோட தோலைத் தொட்டுப் பார்க்கணுமா? நீங்க போயிட்டு வாங்கோ. நான் நம்மாத்துப் பெருமாளையே சேவிச்சுக்கறேன்.”

விளக்கெண்ணெய் தடவிய மாதங்களெல்லாம் அந்த ஒரு சொல்லில் வீணாயின. அத்திம்பேர் கோபித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ மறுவாரமே தோலைக் கழற்றிப் பரணில் ஏற்றினார். இலவம்பஞ்சு மெத்தை தைத்து, அதன்மேல் முசிறிக் கோரைப்பாயை இழுத்துக் கட்டினார். அக்கா அதில் சம்மணமிட்டு அமர்ந்து குணசீலம் போய் வந்தாள். திரும்பும் வழியில் காற்றுக்குக் கண்ணயர்ந்துவிட்டாள்.

சில நாட்களில் புத்தூரிலிருந்து வைத்தியர் ஒருவர் வண்டியை வாங்க வந்தார். எஞ்சினின் ஓசையைக் கேட்டுத் தலையசைத்தார். கதவைத் திறந்தவர் சிரித்துவிட்டார். “என்ன சார் இது, மோட்டாரா, பந்தியா? பாய் விரிச்சாச்சு, இலை எப்ப போடுவீங்க?”

அசல் தோலை மீண்டும் பொருத்தினால் கேட்ட விலையைத் தருவதாக அவர் உறுதி கூறினார். ஒட்டியாணம் திரும்பி வந்துவிட்டது என்றே நான் எண்ணினேன். அத்திம்பேர் பரணுக்கு ஏணியைச் சாத்தி ஏறினார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். “இறங்குங்கோ. ஊர்ல எத்தனையோ மோட்டார் இருக்கு. நான் உட்காரக்கூடியது இது ஒண்ணுதான்.”

“உன் ஒட்டியாணம் என்னாறதுடீ?”

“அது போயாச்சு. இதையும் போக விடணுமா?”

வைத்தியர் காப்பி அருந்திவிட்டுச் சிரித்த முகத்துடன் விடைபெற்றார்.

பின்னர் யுத்தம் வந்தது; பெட்ரோல் அரிதாயிற்று. வண்டி ஓடிய நாட்களைவிட நின்ற நாட்களே மிகுதி. இக்காலத்தில் பழைய மோட்டார்களைப் புதுப்பிக்கும் இளைஞர்கள், செலவிட்டது விலையில் திரும்புமா என்று என்னைக் கேட்கிறார்கள். எங்கள் கணக்கில் அது திரும்பவில்லை. ஆயினும் நஷ்டமென்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்நாளில் உறவினர் வீட்டுக் கல்யாணமொன்றில் ஒரு மாமி அக்காவின் வெற்றிடுப்பை உற்றுப் பார்த்து, “ஏண்டியம்மா, உங்கம்மா போட்ட ஒட்டியாணம் எங்கே?” என்று பலர் கேட்கும்படி வினவினாள். அக்கா வெற்றிலையை மடித்து வாயில் இட்டுக்கொண்டு சாவதானமாகச் சொன்னாள்:

“வாசல்ல நிக்கறது மாமி. வாங்கோ, உங்காத்துல கொண்டு விடறோம்.”