ஆறடிப் பெரியப்பா

"முப்பத்தெட்டு. இடது தோள் அரை அங்குலம் இறக்கம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசியில் நூல் கோக்கிறார் தையல்காரர். கடை வாசலைத் தாண்டிப் போகிற மனிதருக்கு, தம்மை ஒருவர் தலை முதல் கால் வரை அளந்து முடித்துவிட்டார் என்பது தெரியாது. கல்யாணத்துக்குப் போனாலும் இதே கதைதான். மாப்பிள்ளை எப்படி என்று வீட்டில் கேட்டால், "கழுத்து பதினஞ்சரை" என்பார். முகத்தைப் பற்றிக் கேட்டால் யோசிப்பார்.

அவர் கழுத்தில் தொங்குகிற அளவு நாடா பெரும்பாலும் அலங்காரம். வந்தவர் மனத் திருப்திக்காக அதை எடுத்து அங்கே இங்கே ஓட்டுவார். எழுதுவதென்னவோ அவர் கண் சொன்ன கணக்கைத்தான். "நாடா பொய் சொல்லும். என் கண்ணு சொல்லாது" என்று அவர் சொல்லும்போது, அடுத்த மெஷினில் இருக்கிற மனைவி இருமுவார். அந்த அம்மாளுக்குச் சளித் தொல்லை எதுவும் கிடையாது.

வெட்டுகிற மேசையின் கடைசியில் அவருடைய அப்பா உட்கார்ந்திருப்பார். வயது எண்பத்தாறு. பழைய பிளேடு ஒன்றை வைத்துத் தையல் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. ஆல்டர் செய்ய வந்த துணி என்பார் மகன்; மகன் தப்பாகத் தைத்த துணி என்பார் அப்பா. தபால்காரர் தலை தெரிந்தால் மட்டும் பிளேடு நின்றுவிடும்.

"என்னப்பா, அண்ணன் வந்தாச்சா?"

அண்ணன் என்றால், மெஷினுக்கு மேலே சுவரில் ராணுவக் கோட்டோடு நிற்கிறவர். தையல்காரருக்குப் பெரியப்பா. பத்தொன்பது வயதில் போருக்குப் போனவர் திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று ஒரு தந்தி வந்தது. எங்கே, எந்த மண்ணில் என்று அதில் இல்லை. தந்தியையும் கரையான் தின்றுவிட்டது. "நான் போறதுக்குள்ள அவரு எங்க படுத்திருக்காருன்னு தெரிஞ்சா போதும்டா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்பது அப்பாவின் ஒரே கோரிக்கை. வேறு எதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம்.

எட்டு வருஷமாக மகன் கடிதம் எழுதுகிறார், ராணுவப் பதிவேட்டு அலுவலகத்துக்கு. எல்லோரும் பெயர், ஊர் எழுதுவார்கள். இவர் அளவும் சேர்த்து எழுதினார். உயரம் ஆறடி என்று அப்பா சொல்லியிருந்தார். "அண்ணன் வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு" என்பது தினம் கேட்ட பாட்டு. ஆறடி ஆளுக்கு மார்பு நாற்பதுக்குக் குறையுமா? ஆகவே மார்பு நாற்பது, கை இருபத்தைந்து என்று கண்ணால் காணாத பெரியப்பாவுக்கு மூன்று பீஸ் சூட்டே தைக்கலாம் என்கிற அளவுக்கு விவரம் அனுப்பினார்.

முதல் வருஷமே பதில் வந்தது. பெயர் சரி, அப்பா பெயர் சரி, கல்லறைத் தோட்டம், வரிசை எண் எல்லாம் இருந்தது. உயரம் மட்டும் ஐந்தடி நாலு அங்குலம், மார்பு முப்பத்திரண்டு.

"இது யாரோ பொடிப் பையன். அந்தக் காலத்துல இந்தப் பேரு தெருவுக்கு நாலு இருக்கும்" என்றார் மனைவியிடம். கிழவருக்கு வீண் ஆசை காட்டுவானேன் என்று அப்பாவிடம் மூச்சு விடவில்லை. கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு, ஆளை மாற்றி அனுப்பிவிட்டீர்கள், தயவுசெய்து சரியாகத் தேடவும் என்று அலுவலகத்துக்கே புத்தி சொல்லி ஒரு கடிதமும் போட்டார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர்கள் வாய் திறக்கவில்லை. யார்தான் திறப்பார்கள்?

போன வாரம் மனைவி படத்தைத் துடைக்க இறக்கினார். துடைத்துக்கொண்டே, "ஏங்க, இந்தக் கோட்டு நம்மகிட்ட ஆல்டருக்கு வந்தா தோளை எவ்வளவு உள்ள புடிப்பீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு அங்குலம்" என்றார் தையல்காரர், ஓரக்கண்ணால் பார்த்து, மெஷினை நிறுத்தாமலே. "கையில மூணு குறைக்கணும். விரலே தெரியல பாரு."

மெஷின் நின்றது.

தெருவில் போகிறவன், வருகிறவன் எல்லாரையும் அளந்த கண், எட்டு வருஷமாகத் தலைக்கு மேலே தொங்கிய கோட்டை அளக்கவில்லை. ஊரில் எல்லாரிடமும் உடம்பைப் பார்த்தவர், இந்த ஒருவரிடம் மட்டும் முகத்தைப் பார்த்திருக்கிறார். யாருக்கோ தைத்த கோட்டுக்குள், தோள் வழிய, விரல் மறைய, ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருந்தான்.

"நாடாதான் பொய் சொல்லும்" என்றார் மனைவி. இந்த முறை இருமவில்லை. கோப்பை எடுத்து வந்து கொடுத்தார்.

நடுவில் அப்பா கண்ணை மூடியிருந்தால் இந்த ஏழு வருஷத்துக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? தையல்காரர் அப்பாவுக்கு எதிரே குற்றவாளி மாதிரி நின்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, கடிதத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தை அவரே அன்றுதான் முதல் தடவையாகப் படிக்கிறார். அங்க அடையாளம்: இடது முன்கையில் சூட்டுத் தழும்பு.

பிளேடு கீழே விழுந்தது.

"வெந்நீர் அண்டாடா அது" என்றார் அப்பா. "நான்தான் புடிச்சு இழுத்தேன். அவரு குறுக்க கையை விட்டாரு. என்மேல ஒரு சொட்டு படல." கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆனா அஞ்சடி நாலுன்னு எழுதியிருக்கானே? அண்ணன் அவ்வளவு உசரம்டா. நான் அண்ணாந்து பாத்துதானே பேசுவேன்" என்றார்.

"அப்ப உங்களுக்கு என்ன வயசுப்பா?"

"ஆறு."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அறுக்க வேண்டிய அவசியமில்லாத நூல் ஒன்றைப் பல்லால் கடித்தார்.

அன்றைக்குத் தம் கண்மேல் தையல்காரருக்கு நம்பிக்கை இல்லை. கழுத்து நாடாவை நிஜமாகவே எடுத்தார். கதவு நிலையில் தரையிலிருந்து பிடித்தார். அறுபது அங்குலத்தில் நாடா முடிந்தது. அதற்கு மேல் இன்னொரு நாலு வைத்து, சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார்.

அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கூன் விழுந்த பிறகும் கோடு அவர் புருவத்துக்குத்தான் வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார்.

பிறகு கையைத் தூக்கி, சீவிவிட்ட தலை கலைந்துவிடாமல் வைப்பதுபோல, அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.