நான்காவது போன்

சார்ஜ் செய்யக்கூடிய முகாம் விளக்கு ஒன்றை வடிவமைப்பதிலேயே எனக்கு எட்டு மாதம் ஓடிவிட்டது. வெளிச்சம் மட்டும் போதாது, அதிலிருந்து நான்கு போன்களுக்குச் சார்ஜ் ஏற வேண்டும் என்றார் மேனேஜர். மூன்றுக்குத்தான் முடிந்தது. விளக்கு எரிவதற்கென்று பேட்டரியில் கால் பங்கை ஒதுக்கியிருந்தேன். ஒருநாள் அலுத்துப்போய் அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டேன். நான்கு வந்தது.

தைப்பூசத்தன்று அந்த விளக்கின் மாதிரி ஒன்றை எங்கள் தெருக்காரர்களின் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடுத்தேன். மதியம் முதலே, நடந்து வந்த பக்தர்கள் அதில் போனைச் செருகிக்கொண்டிருந்தார்கள். இருட்டியதும் ஜெனரேட்டர் நின்றது. என் விளக்கைப் போட்டார்கள். ஐந்து நிமிடம்கூட எரியவில்லை. இருட்டில், சுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்த சரோஜா அக்காவின் கையில் அது கொதிக்கக் கொதிக்கக் கொட்டிவிட்டது.

வாளித் தண்ணீரில் கையை முக்கியபடி அவர் கேட்டார்: "இது நீ செஞ்சதா தம்பி? எல்லார் போனுக்கும் நல்லா கரண்ட் கொடுத்துச்சு லா. பாவம், தனக்குன்னு கொஞ்சம் வச்சுக்கத் தெரியல."

அணைந்த விளக்கை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

விடுமுறை முடிந்ததும் கால் பங்கைத் திரும்ப வைத்தேன்.

"மறுபடியும் மூணு போன்தானா?" மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

"மூணுதான் பாஸ்."

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் இன்னும் சொல்லவில்லை. என்னை எங்கே பார்த்தாலும், "விளக்கு எப்படி இருக்கு தம்பி?" என்று அக்கறையாக விசாரிக்கிறார். நன்றாக இருக்கிறது என்கிறேன், அவர் மணிக்கட்டில் இருக்கும் தழும்பைப் பார்க்காமல்.