பிரேக்கம்மா போட்ட விதி

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரேக்கம்மாவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். ஓட்டுநர் பயிற்சிக் காரில் சொல்லிக் கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் கால் எந்நேரமும் அதன் மேலேயே இருந்ததால் வந்த பெயர் அது. வாயும் சும்மா இருக்காது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால், அது என்ன உங்கள் சம்பந்தியின் கழுத்தா என்று கேட்பாள்.

நாட்டைப் பற்றி அவளுக்கு ஓர் ஆசை உண்டு. சமத்துவம், மதச்சார்பின்மை என்ற பெரிய சொற்களெல்லாம் மேடைக்காரர்களிடமே இருக்கட்டும் என்பாள். நாலு ரோடு சேரும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அதைக் காட்டித்தான் பேசுவாள். இங்கே முதலில் வந்தவருக்கு முதல் வழி. லாரி பெரியது என்பதற்காக ஸ்கூட்டர்மேல் ஏற முடியாது. வந்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று சிக்னல் கேட்பதில்லை. ஊரும் இப்படி இருந்துவிட்டால் போதாதா? கற்றுக்கொள்ள வந்தவர்கள் பலமாகத் தலையாட்டிவிட்டு, வண்டியை நடுரோட்டில் அணைத்துவிட்டு முழிப்பார்கள்.

வாழ்க்கையில் அவள் நின்று ஜெயித்த சண்டை ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் குடியிருப்புச் சங்கத்தில் சீட்டில் எழுதி ஓட்டுப் போடுவார்கள். அப்போதிருந்த தலைவர் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போய், தானே எண்ணி, தானே ஜெயிப்பார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பிரேக்கம்மா கூட்டத்தில் எழுந்து, ஒளித்துப் போடுவதால்தானே திருட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் கையைத் தூக்குங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். சங்க விதியே மாறியது. அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் அதை ஒரு முறை சொன்னாள், பிறகு சாப்பிடும்போது இன்னொரு முறை சொன்னாள்.

பயிற்சிப் பள்ளியில் அவளோடு வேலை பார்ப்பவன் ஓர் இளைஞன். அவளுக்கு அவன் தம்பி, அவனுக்கு அவள் அக்கா. அவன் மதம் வேறு. மனைவி மருந்துக் கடையில் நிற்பவள், பெண் குழந்தை பள்ளியில் சேரும் வயது. வீடு தேடி அவர்கள் தேய்க்காத செருப்பில்லை. போனில் காலியாக இருக்கும் வீடு, பெயரைச் சொன்னதும் யாருக்கோ முடிந்துபோயிருக்கும். வெளிநாட்டில் இருந்த ஓர் உரிமையாளரிடம் பேசி, தன் குடியிருப்பிலேயே கீழ்த்தளத்தில் அவர்களுக்கு ஒரு வீட்டை வாடகைக்குப் பிரேக்கம்மா பிடித்துக் கொடுத்தாள். பக்கத்துப் பள்ளியில் குழந்தைக்கு இடமும் கிடைத்தது.

அந்த நிம்மதி யார் கண்ணையோ உறுத்தியது. இப்போதைய சங்கத் தலைவர் பைப் கடைக்காரர். "நம்ம ஆளுங்களுக்கு" மட்டும்தான் இனி வாடகை, ஏற்கெனவே வந்தவர்களும் காலி செய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி, கூட்டத்துக்கு நாள் குறித்தார்.

பிரேக்கம்மா படி ஏறி இறங்கினாள். ஒரு கதவு விடாமல் தட்டினாள். பல் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இது அநியாயம், நான் உங்கள் பக்கம்தான் என்றாள். ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர், நம் காலத்திலா இப்படி என்று பெருமூச்சு விட்டார். மாடிக்கு மாடி அதே பதில். அவளுக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கிவிட்டது. கவலையில்லாமல் தூங்கு என்று தம்பியிடம் வாக்கே கொடுத்துவிட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. குடியிருப்பவர்களில் பெரியவர்கள் அனைவருக்கும் ஓட்டு உண்டு, வாடகைக்காரர்களுக்குத்தான் கிடையாது. அதனால் தம்பி குடும்பத்தோடு கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தான். பைப் கடைக்காரர் சிரித்தபடி எழுந்தார். "அக்கா போட்ட விதிப்படியே நடத்திடுவோம். இந்தத் தீர்மானம் வேணாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

அவர் மருமகன் முன்னால் வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தான். பக்கத்துத் தெருவில் இதே போன்ற தீர்மானத்தை எதிர்த்துப் பேசிய ஒருவரின் போட்டோ, துரோகி என்ற பட்டத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பிரேக்கம்மா எழுந்தாள். இந்த ஒரு தடவை சீட்டில் எழுதிப் போடலாமே என்றாள். குரல் கெஞ்சியது. அவள் கெஞ்சி அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை.

"ஒளிச்சுப் போட்டா திருட்டுன்னு சொன்னது நீங்கதானே?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பயத்தில் சிரித்தவர்களும் உண்டு.

பிரேக்கம்மா கையைத் தூக்கினாள். திரும்பிப் பார்த்தாள். பல் டாக்டரம்மா கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். வங்கி மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்து நாற்காலியில் கணவர் இருந்தார். அவர் இரண்டு கைகளும் முழங்காலிலேயே இருந்தன, பார்வை செருப்பில். அவள் வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தியது, அழுத்திக்கொண்டே இருந்தது. அங்கே எந்தப் பிரேக்கும் இல்லை.

விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. தான் வெட்டிய குழியில் தம்பியைத் தள்ளிவிட்டோமே என்று, வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள்.

அதற்குள் அழைப்பு மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. பல் டாக்டரம்மா மெல்லிய குரலில், மனசளவில் நான் உங்கள் பக்கம்தான் என்று சொல்லிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். மேனேஜர் வந்தார். பெண்களுக்கு மாப்பிள்ளை தேட வேண்டியவர்கள், பைப் கடையில் மகனுக்கு வேலை கிடைத்தவர்கள், ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு காரணம் சொல்லிப் போனார்கள். கடைசியில் சாப்பாட்டு மேசையில் கணவரும் வாய் திறந்தார்.

"நானும் உன் பக்கம்தாம்மா. ஆனா நாம இங்கதானே இருந்தாகணும்?"

"அவங்க எங்கங்க இருந்தாகணும்?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மாத முடிவில் சாமான்கள் ஒரு சின்ன வேனில் முன்னால் போயின. தம்பி மனைவியின் மாமா வீட்டில் ஓர் அறை, ஊரின் மறுகோடி. குழந்தைக்குப் புதிய பள்ளி இனிமேல்தான் தேட வேண்டும். அவர்களைக் கொண்டுவிடப் பயிற்சிக் காரை எடுத்தாள் பிரேக்கம்மா. ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெம்பில்லை, நீயே ஓட்டு என்று தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொல்லிக் கொடுப்பவர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் எங்க வீட்டுக்கும் வந்து, உங்க பக்கம்தான்னு சொல்லிட்டுப் போனாங்கக்கா," என்றான் அவன், வண்டியைக் கிளப்பியபடி. "நல்லவங்கதான்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் உண்மையாகவே சொன்னான்.

கேட் அருகே வரும்போது பின்னிருக்கையிலிருந்து குழந்தை கூப்பிட்டது. "அத்தை, அங்க பாருங்க. எல்லாரும் டாட்டா காட்டறாங்க."

பிரேக்கம்மா கண்ணாடியில் பார்த்தாள். மாடி மாடியாகப் பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். பல் டாக்டரம்மாவின் கை மேலே இருந்தது. மேனேஜரின் கை மேலே இருந்தது. இரண்டாம் மாடியில் அவள் கணவர் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது யாரும் படம் எடுக்கவில்லை.

கார் குலுங்கி நின்றது. என்ன ஆச்சு அக்கா என்று தம்பி பதறினான். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கைகளை எண்ணினாள். பாதிக்கு மேல் இருந்தன.

"ஒண்ணுமில்ல தம்பி. நீ போ," என்றாள். கால் மட்டும் பிரேக்கை விட்டு வரவில்லை.