மூன்று மிஸ்டு கால்

அக்கா போனைக் காதில் வைக்கவே மாட்டாள். எண்ணை அழுத்திவிட்டு, கையை நீட்டி முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கித் திரையையே பார்ப்பாள். ஒரு ரிங் போயிருக்கும் என்று தோன்றியதும் கட் செய்துவிடுவாள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு மேலே, சாமைக்கொல்லையை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது. அப்போதெல்லாம் ஊரில் சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைக்கும். வெயிலில் அந்தப் பாறைமேல் நின்று அவள் போன் செய்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கீழே திருப்பத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் எனக்கு இப்படி ஒரு அக்கா.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒரு மிஸ்டு கால் என்றால் எல்லோரும் சுகம். இரண்டு என்றால் பேச வேண்டியது இருக்கிறது, நீ கூப்பிடு. மூன்று என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பி வா. எண்ணைப் பார்த்து அவள்தான் என்று கண்டுபிடிக்க முடியாது. அவளுடைய பட்டன் போனில் பாதி நாள் சார்ஜ் இருக்காது. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் போனை வாங்கி அடிப்பாள். எந்த எண்ணாக இருந்தாலும் ஒரே ரிங்கில் நின்றுபோனால் அது அக்கா. பத்து வருடத்தில் மூன்று வந்தது ஒரே ஒரு தடவை, அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது. நண்பனின் காரை எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய் நின்றேன். அம்மா பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எனக்கு இன்னாடி கவல? மூணு வுட்டா என் தம்பி வந்து நிப்பான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது என் காதுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் தலைகால் புரியாது.

கடையில் நான் வேறு ஆள். புதிதாக எது வந்தாலும் முதலில் நானே போட்டுப் பார்க்காவிட்டால் கை நமநமவென்று அரிக்கும். கூப்பிட்டால் எரிகிற பல்பு, வாசலில் யார் வந்தாலும் காட்டிக்கொடுக்கிற கேமரா, கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச். அது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நட என்று சொல்லும், கொஞ்சம் மூச்சை இழுத்துவிடு என்று சொல்லும். மூச்சு விடக்கூட ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோமே என்று வாடிக்கையாளர்களிடம் சிரித்துக்கொண்டே அதையும் விற்றேன். நாள் முழுக்க லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கால் வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கிற ஆப் ஒன்றைப் போட்டேன். தெரியாத எண்ணிலிருந்து அடித்தால் அதுவே தொல்லை என்று முடிவுகட்டி, ரிங் போகாமலே வெட்டிவிடும். அக்காவின் எண்ணும், பாறைக்கு வழக்கமாக வருகிற நாலைந்து பேர் எண்ணும் என் போனில் இருந்தன. அது போதும் என்று நினைத்துவிட்டேன். நான் அவ்வளவு பெரிய அறிவாளி.

புளி உலுக்கும் மாதம். ஒருநாள் காலை பத்து மணிக்கு மாமா, அக்காவின் வீட்டுக்காரர், மரத்திலிருந்து கிளை முறிந்து விழுந்தார். முழங்கால் ஒருபக்கமாகத் திரும்பிக்கொண்டது. புளி மூட்டை ஏற்ற வந்த வியாபாரியின் வண்டி பக்கத்திலேயே நின்றிருந்தது. "ஏத்துங்கம்மா, கீழ ஆஸ்பத்திரில வுட்டுட்டுப் போறேன்" என்றாராம் டிரைவர். அக்கா அவருடைய போனை வாங்கி, ரோட்டில் சிக்னல் கிடைத்த இடத்துக்கு நடந்துபோய், மூன்று தடவை அடித்து, மூன்று தடவை கட் செய்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நீ கெளம்புப்பா. மூட்ட மேல போட்டு இவர குலுக்கினு போவ வாணாம். என் தம்பி காரு எடுத்துனு வந்துகினே இருப்பான்." ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றவர்களுக்கும் அதே பதில். வண்டி போய்விட்டது. மத்தியானம் ஆனபிறகும் அவள் வேறு யாரையும் கூப்பிட விடவில்லை. அவள் போனைக் காதில் வைத்திருந்தால் அந்தப் பக்கம் ரிங்கே போகவில்லை என்பதாவது தெரிந்திருக்கும்.

இரண்டு மணிக்கு அந்த டிரைவர், மூட்டைகளை இறக்கிவிட்டு, அக்கா சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து என் கடையைத் தேடி வந்தார். "உங்க மாமா எந்த ஆஸ்பத்திரில கீறாருங்க? எப்டி கீது காலு?" என்று கேட்டார். எந்த மாமா என்று நான் கேட்டதும் அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. தடுத்து வைத்த பட்டியலைத் திறந்தேன். ஒரே எண், மூன்று தடவை, சிவப்பு எழுத்தில். பக்கத்தில் 'தொல்லை அழைப்பு' என்று இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ரோட்டோரம் மாமாவின் தலையை மடியில் வைத்து, முந்தானையால் வெயிலை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. காரைப் பார்த்ததும் மாமாவைத் தட்டி, "வந்துட்டான் பாரு, நான் சொல்லல?" என்றாள். அந்த வார்த்தைக்குப் பதிலாக அவள் என்னை அறைந்திருக்கலாம். ரத்த ஓட்டம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுதேன். "மெஷினு இன்னாடா பண்ணும், அதுக்கு நான் யாருன்னு தெரியுமா?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

அந்த ஆப்பை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது எந்த எண்ணாக இருந்தாலும் எடுக்கிறேன். சாப்பிடும்போதும் எடுக்கிறேன், குளியலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தும் எடுக்கிறேன். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணுக்கு என் மேல் பெரிய மரியாதை. வாட்ச், நெஞ்சு வேகமாக அடிக்கிறது, உட்காரு என்கிறது. எங்கே உட்காருவது? ஊருக்குப் பக்கத்தில் டவர் வந்துவிட்டது. அக்காவுக்கு நல்ல டச் போன் வாங்கிக் கொடுத்தேன். காலையில் பூப்படம் அனுப்புகிறாள், பேசிப் பதிவுசெய்து அனுப்புகிறாள், வீடியோவில் பேரனைக் காட்டுகிறாள். மிஸ்டு கால் மட்டும் கொடுப்பதில்லை.

போன மாதம் ஒரு குரல் பதிவு வந்தது. "மாமாக்கு ரெண்டு நாளா ஜொரம். நேத்து திருப்பத்தூர் வந்து ஊசி போட்டுனு வூட்டுக்கு வந்துட்டோம். இப்ப பரவால்ல. நீ சாப்டியா?" உடனே கூப்பிட்டேன்.

"ஏங்க்கா என்னக் கூப்பிடல? இங்கதான கீறேன்?"

"பக்கத்து வூட்டு ஆட்டோ இருந்துச்சிடா. உன் கட வழியாதான் போனோம். நீ குனிஞ்சி வேல செஞ்சினு இருந்த. கூப்பிடலாமான்னு மாமா கூட கேட்டாரு. நாந்தான் வாணான்னுட்டேன்."

அவர்கள் கடையைத் தாண்டிப் போன நேரத்தில் போன் என் எதிரேதான் இருந்தது, சத்தத்தை முழுதாக வைத்திருந்தேன்.