உப்புப் பெட்டிக்குள் பழைய பூட்ஸ்

தேவாலயத் திருப்பத்தில் நின்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சாலையோர மஞ்சள் பெட்டியின் மூடியைத் தூக்குகிறார் இட்வல். பனி உறையும் நாளில் சாலையில் தூவ உப்பும் மணலும் நிரப்பி வைத்திருக்கும் பெட்டி அது. உள்ளே, பிளாஸ்டிக் பையில், அவருடைய பழைய பூட்ஸ். காலில் இருக்கும் புதியதைக் கழற்றியதும், "அப்பாடா!" என்கிறார்.

புதியது கிறிஸ்துமஸ் பரிசு. மனைவி நெஸ்டா இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போய் வாங்கி வந்தது. அழகுக்குக் குறைச்சலில்லை, குதிகாலைத்தான் கடித்துக் குதறுகிறது. "பழச தூக்கிப் போட்டாச்சா?" என்று அவள் கேட்டபோது, "அன்னைக்கே போட்டாச்சு" என்று கூசாமல் சொல்லிவிட்டார். அவள் முகம் வாடினால் அவருக்குச் சோறு இறங்காது.

இட்வல் வேல்ஸ் நாட்டு மலைச் சாலைகளில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகுதான் நடக்கவே ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் விருந்து வான்கோழியின் மிச்சம் சூப்பாகி, அந்த சூப்பும் தீர்ந்ததும், ஜனவரி முழுக்கக் குன்றைச் சுற்றி நடை. அதிலும் பஸ்தான் ஓட்டுகிறார். ஒவ்வொரு வேலிக் கதவிலும் நின்று, "ஏறுறவங்க ஏறிக்குங்க!" என்று ஆடுகளைப் பார்த்துக் குரல் கொடுப்பார். ஆடுகள் மேய்ந்துகொண்டே இருக்கும்.

எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் மாதக் கடைசிவரை புத்தாண்டு வாழ்த்து உண்டு. நாயோடு வரும் பக்கத்து வீட்டு க்விலிம் சலித்துக்கொள்வார். "யோவ், போன வாரமே சொல்லிட்டியேய்யா!"

"வச்சுக்கய்யா. கெட்டா போயிடும்?"

திரும்பும்போது மறுபடி பெட்டி, மறுபடி புதிய பூட்ஸ். நடந்த மாதிரி தெரிய வேண்டுமே என்று அதில் கொஞ்சம் சேறும் பூசிக்கொள்வார். வீட்டில் நெஸ்டா சிவப்புக் கம்பளி நூலில் என்னவோ பின்னிக்கொண்டிருப்பாள்.

"பூட்ஸு பழகிடுச்சா?"

"வெண்ணெ மாதிரி இருக்கு போ! அது யாருக்குப் பின்ற?"

"குளிர்ற காலுக்கு."

ஒரு நாள் காலை சாலை கண்ணாடியாக உறைந்து கிடந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது, பெட்டி திறந்திருந்தது. யாரோ உப்பு அள்ளியிருக்கிறார்கள். பூட்ஸ் எவர் கையிலாவது சிக்கினால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், நெஸ்டாவுக்கும்தான். வழுக்கி வழுக்கி ஓடினார்.

பை இருந்தது. பூட்ஸும் இருந்தது. ஆனால் தோலில் புதிதாக எண்ணெய் தேய்த்துப் பளபளவென்றிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிவப்புக் கம்பளிக் காலுறை சுருட்டிச் செருகியிருந்தது.

மதில்மேல் உட்கார்ந்து அவற்றைப் போட்டுக்கொண்டார். கண் கரித்தது. ஆள் இல்லாத சாலையில், "கள்ளி!" என்றார் சத்தமாக. அன்றைய நடையில் ஆடுகளுக்கு இரண்டு முறை வாழ்த்துக் கிடைத்தது.

திரும்பி வந்ததும் பழைய பூட்ஸையும் சிவப்புக் காலுறைகளையும் பத்திரமாகப் பைக்குள் வைத்து மூடினார். புதியதை மாட்டிக்கொண்டார். உறைந்த தரையைக் குச்சியால் கிளறி ஒரு பிடி மண் எடுத்து, எச்சில் தொட்டுக் குழைத்து, என்றைக்கும் இல்லாத கவனத்தோடு அதன்மேல் பூச ஆரம்பித்தார்.